சனி மூலைக் கோலி

காந்திமதி டீச்சரிடம் பேய் என்ற வார்த்தையைச் சொல்லிவிட்டுச் சும்மா தப்பித்தவர் கிடையாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி சொன்னாலும் சரி, தலைமையாசிரியரே சொன்னாலும் சரி, பையைக் கீழே வைத்துவிட்டு வழக்குக்கு நிற்பாள். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

அவளுடைய அப்பா துரைக்கண்ணு விழுப்புரம் ஜங்ஷன் யார்டில் ஷண்டிங் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் சரக்குப் பெட்டியை எஞ்சின் ஒரு தள்ளு தள்ளிக் கழற்றி விட்டுவிடும். பெட்டி ஆளும் இல்லாமல் எஞ்சினும் இல்லாமல் தண்டவாளத்தில் தனியாகவே உருண்டு போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேரும். சத்தமே இருக்காது. காந்திமதிக்குப் பத்து வயதாக இருந்தபோது, ஒரு மத்தியானம், துண்டால் முகம் துடைத்துக்கொண்டு நின்ற துரைக்கண்ணுவின் இடது பாதத்தின் மேல் அப்படி ஒரு பெட்டி ஏறியது. அந்தப் பெட்டியை அன்றைக்கு யாரும் தள்ளவில்லை, எஞ்சின் அந்தப் பக்கமே வரவில்லை என்று யார்டில் எல்லோரும் சத்தியம் செய்தார்கள்.

“ஆளே இல்லாத வண்டி எப்பிடிடி வரும்? அங்க செத்தவன் எவனோ தள்ளி உட்டுட்டான்” என்று அம்மா அம்மணி மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். பூசணிக்காய் உடைத்தாள், கறுப்புக் கயிறு கட்டினாள். சிறுமி மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை யார்டுக்குப் போனாள். பெட்டி நின்றிருந்த இடத்துக்குப் பக்கத்துச் சிமெண்டு மேடையில் ஒரு கோலியை வைத்துக் கையை எடுத்தாள். கோலி கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு மெல்ல நகர்ந்து, அப்பா நின்றிருந்த பக்கமாகவே உருண்டு போனது. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத சரிவுதான், பேய் இல்லை என்று தெரிந்ததில் அத்தனை ஆறுதல்.

திண்டிவனத்தில் ஆசிரியர் பயிற்சி முடித்து, எண்பத்திரண்டில் அவளுக்கு வேலை கிடைத்தது. விழுப்புரத்தில் பஸ் ஏறி, கூட்டேரிப்பட்டில் இறங்கி, மயிலம் பக்கம் போகும் டவுன் பஸ்ஸைப் பிடித்து, அதற்கப்புறம் ஒன்றரை மைல் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே நடக்க வேண்டும். ஊர்ப் பெயர் வேண்டாம். இந்தக் கதையில் வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பள்ளிக்கூடம் என்பது ஓடு வேய்ந்த ஒரு நீளக் கூடம். ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளைத் தலைமையாசிரியர் வேங்கடேசன் தாழ்வாரத்தில் வைத்துக்கொண்டார். மூன்று, நான்கு, ஐந்து அவள் தலையில். முதல் நாள் உள்ளே நுழைந்ததுமே ஒன்று அவள் கண்ணை உறுத்தியது. பிள்ளைகள் ஒருவர் மடியில் ஒருவர் உட்காராத குறையாக நெருக்கியடித்துக் கிடந்தார்கள். ஆனால் வடகிழக்கு மூலையில், ஊர்க்காரர்கள் சனி மூலை என்று சொல்லும் அந்த இடத்தில், நாலு பாய் விரிக்கிற அளவு தரை காலியாக இருந்தது. அங்கே தூசுக்குள் ஒரு குவியல். கோலிகள், பித்தான்கள், ஒரு பம்பரம், பல்பத் துண்டுகள்.

“இதெல்லாம் யாருது? ஏன் யாரும் எடுக்கல?” என்று கேட்டாள்.

பிள்ளைகள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வருஷம்தான் சத்துணவு வந்திருந்தது. அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த ஆயா முனியம்மாள் வாசலில் இருந்தே சொன்னாள்.

“அங்க போனத எடுக்கக் கூடாது டீச்சர். கையில இருந்து எது வுழுந்தாலும் உருண்டுக்கினு அங்கதான் போவும். அது குப்பம்மா புள்ளைக்கு. வெளையாடக் கேக்குது.”

முன்னொரு காலத்தில் அந்த மூலை கிணறாக இருந்தது. பஞ்சத்தில் குப்பம்மாள் என்ற ஒருத்தி இடுப்புக் குழந்தையோடு அதில் இறங்கிவிட்டாள். ஊர்க்காரர்கள் பயந்துபோய், கிணற்றின் மேல் பனங்கட்டைகளைக் குறுக்கே அடுக்கி, அதன்மேல் கல்லும் மண்ணும் கொட்டி மூடிவிட்டார்கள். பிறகு அங்கே ஏர் ஓட்ட ஒருவரும் வரவில்லை. எவனும் வேண்டாம் என்கிற இடம் கடைசியில் பள்ளிக்கூடத்துக்குத்தானே வரும், வந்தது. முனியம்மாள் இவ்வளவையும் விளக்கமாகச் சொன்னாள். டீச்சர் காதில் பேய் மட்டும்தான் விழுந்தது, பனங்கட்டை விழவில்லை.

விறுவிறுவென்று மூலைக்குப் போனாள். அத்தனை கோலிகளையும் முந்தானையில் அள்ளிக்கொண்டு வந்து, தொட்டித் தண்ணீரில் கழுவி, மேசை மேல் வைத்தாள். ஒரு சின்னப் பெண் அழ ஆரம்பித்தாள்.

அன்றைக்கு ஆரம்பித்த பாடம்தான். விசை, இயக்கம் என்று புத்தகத்தில் அரைப் பக்கம் இருந்தது. அதை அவள் வருஷம் முழுக்க நடத்தினாள். பழைய சைக்கிள் ட்யூபைக் கத்தரித்துப் பட்டை பட்டையாக்கி, அதைச் செங்கல்லில் கட்டிப் பிள்ளைகளை இழுக்கச் சொல்வாள். மணலில் இழுத்தால் பட்டை நாலு விரற்கடை நீளும். வெறும் தரையில் இரண்டு. செங்கல்லுக்கு அடியில் பென்சில்களை வைத்து இழுத்தால் அரை விரற்கடைகூட இல்லை. பிள்ளைகள் விரலை வைத்து அளந்து அளந்து கத்துவார்கள். டம்ளர் மேல் அட்டை, அட்டை மேல் காசு. அட்டையைச் சுண்டினால் காசு டம்ளருக்குள் விழும். பஸ் பிரேக் போட்டால் ஏன் முன்னால் போய் முட்டிக்கொள்கிறோம் என்று அதிலிருந்து அவர்களாகவே கண்டுபிடிப்பார்கள். எதையும் அவள் முதலில் சொல்லித் தரமாட்டாள். “செஞ்சு பாரு, எண்ணு, எழுது” என்பாள், அவ்வளவுதான்.

எல்லாவற்றிலும் பிரமாதம் சனி மூலைதான். அந்தத் தரையில் சரிவு இருக்கிறது, அதனால்தான் எல்லாம் அங்கே உருள்கிறது என்று காட்டக் கதவிலிருந்து மூலை வரைக்கும் பதினைந்து அடிக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டாள். கோட்டின் தலையில் கோலியை வைத்துக் கையை எடுக்க வேண்டும். ஒரு பிள்ளை சீராகக் கை தட்ட, மற்றவர்கள் எண்ண வேண்டும். தட்டு முடிகிற வரை யாரும் அசையக் கூடாது, பேசக் கூடாது. கோலி முதலில் நகரவே தயங்கும். பிறகு யாரோ மெதுவாகக் கூப்பிட்ட மாதிரி கிளம்பும். போகப் போக வேகம் எடுக்கும். ஒன்பதாவது தட்டில் சுவரில் டக்கென்று மோதும். எத்தனை முறை விட்டாலும் ஒன்பது. பாடக் குறிப்பில் அவள் சிவப்பு மையால் ஒன்பது என்று எழுதி வைத்துக்கொண்டாள்.

அதோடு விட்டாளா? பயத்தை வேரோடு பிடுங்க வேண்டுமென்று வகுப்பையே மாற்றி, மூலையிலும் பிள்ளைகளை உட்கார வைத்தாள். மறுநாள் காலையில் இருபது ஏக்கர்க்காரர் பெரியதம்பி சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு வந்தார்.

“டீச்சர், நீங்க படிச்சவங்க, நான் ஒண்ணும் சொல்லல. எம் பையன அந்த மூலையில உக்கார வெக்காதீங்க. அவ்ளோதான்.”

அரை மணி நேரம் வாதாடிப் பார்த்தாள். பிறகு பையனை முன்வரிசைக்கு மாற்றினாள். அடுத்த நாள் இன்னொரு அப்பா, அதற்கடுத்த நாள் ஒரு சித்தப்பா. பத்து நாளில் மூலையில் மிஞ்சியது ஐந்து பேர். ஐந்தும் காலனிப் பிள்ளைகள். அடுத்தடுத்த வருஷங்களிலும் அப்படியே ஆனது. மூலை காலியாக இல்லை என்பதே டீச்சருக்குப் பெரிய வெற்றியாகப் பட்டது. கல்வி அதிகாரிகள் வந்தால் அந்த ஐந்து பேரைக் காட்டிப் பெருமையாகப் பேசுவாள்.

எண்பத்தைந்தில் அந்த ஐவரில் ஒருத்தி பொன்னி. நாலாம் வகுப்பு. அம்மா சின்னபொண்ணு நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். நடவுப் பாட்டுக்குத் தாளம் போட்டுப் பழகிய கை பொன்னிக்கு. அந்தச் சீரைப் பார்த்துத்தான் டீச்சர் அவளைக் கை தட்டுகிறவளாக்கினாள். பொன்னி நோட்டில் மாதா மாதம் எழுதினாள். ஜூன் ஒன்பது. ஜூலை ஒன்பது. ஆகஸ்டில் எட்டு.

“கை தட்டறதுல அவசரம்” என்று டீச்சர் எட்டை அடித்து ஒன்பது போட்டாள்.

செப்டம்பரில் ஏழு. அதையும் அடித்தாள். “ஏண்டி, மூணு வருஷமா ஒம்போது வர்ற எடத்துல உனக்கு மட்டும் ஏழு வருதா? ஏன் அவசரப்படற?”

“நான் அவசரப்படல டீச்சர். கோலிதான் அவசரப்படுது.”

வகுப்பு சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டாள். பொன்னி சிரிக்கவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மூலையில் சுவரும் தரையும் சேருகிற இடத்தில் ஒரு விரிசல் விட்டது. ஓடு ஒழுகுகிற கூடத்தில் விரிசலை யார் பார்க்கிறார்கள்? பிள்ளைகள் எல்லாம் சாப்பிட வெளியே போன ஒரு மத்தியானம் பொன்னி மட்டும் மூலையில் குப்புறப் படுத்து, காதைத் தரையில் வைத்துக் கிடந்ததை டீச்சர் பார்த்தாள்.

“என்னடி பண்ற அங்க?”

“இதுக்குள்ள கல்லு போட்டேன் டீச்சர். ஒரு தட்டு கழிச்சுத்தான் சத்தம் வருது. தண்ணியில வுழற சத்தம்.” குரலை இறக்கினாள். “நான் போடாதப்பவும் சத்தம் வருது.”

டீச்சருக்கு முதுகில் சில்லென்று ஓடியது. அந்த நடுக்கம் வந்ததே அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. இத்தனை வருஷம் பாடுபட்டு ஓட்டிய பேய், தான் நம்பிக் கை தட்டக் கொடுத்த பெண் வாயாலேயே திரும்பி வருகிறதே என்று பொன்னியைக் கையை நீட்டச் சொன்னாள். ஸ்கேலால் பொன்னியின் உள்ளங்கையில் இரண்டு வைத்தாள். “நாளையிலேருந்து சுவத்துல முதுகு ஒட்டற மாதிரி, அந்த விரிசல் மேலயே உக்காரு. ஒண்ணும் ஆவாது. பயம் போவும்” என்றாள். பொன்னி அப்படியே உட்கார்ந்தாள். மற்ற நாலு பேரும் அவளை ஒட்டி உட்கார்ந்தார்கள். ஐந்து பேருக்கும் அடியில் என்ன இருக்கிறது என்று ஒன்பது வயதுப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. பயிற்சி முடித்த டீச்சருக்குத் தெரியவில்லை.

நவம்பரில், மூன்று நாள் அடைமழை விட்ட காலையில், கல்வி அதிகாரி பார்வைக்கு வந்தார். வெளிச்சம் சரியாக இல்லை. கூடத்துக்குள் ஈர மண் வாசனையோடு வேறொரு வாசனையும் கலந்து வந்தது, ரொம்ப நாள் மூடி வைத்த பானையைத் திறந்த மாதிரி. டீச்சர் பார்த்தாள். காலனிப் பிள்ளைகள் ஐந்து பேரும் உள்ளே வராமல் கதவோரமாகவே நின்றார்கள்.

“போங்க, எடத்துல உக்காருங்க.”

“உக்கார மாட்டோம் டீச்சர்” என்றாள் பொன்னி.

வேங்கடேசன் வாய்க்குள் சிரிப்பதையும், அதிகாரி மூக்குக் கண்ணாடியை உயர்த்திப் பார்ப்பதையும் டீச்சர் கவனித்தாள். காது சூடேறியது. “பேய்க்குப் பயமா?”

“பேய் இல்ல டீச்சர். வந்த உடனே எண்ணிப் பாத்தேன். இன்னிக்கு நாலு.”

டீச்சர் மேசையிலிருந்து ஒரு கோலியை எடுத்தாள். அதிகாரியைப் பார்த்து, “சார், இப்ப நீங்களே பாருங்க” என்று சொல்லிக் கோலியைக் கோட்டின் தலையில் வைத்தாள். கையை எடுக்கக்கூட இல்லை. கோலி விரலிலிருந்து நழுவி ஓடியது. பொன்னி கதவோரம் நின்றபடியே தட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. சுவரில் மோதுகிற சத்தத்துக்காகக் கூடமே காத்திருந்தது. அந்தச் சத்தம் வரவில்லை. ஐந்தாவது தட்டில் கீழே எங்கேயோ தண்ணீரில் ஒன்று விழுந்தது.

அப்புறம் முன்வரிசைப் பையன் ஒருவனின் பல்பம் உருள ஆரம்பித்தது. யாரும் அதைத் தொடவில்லை. பிறகு ஒரு பென்சில். பிறகு இன்னொருத்தியின் அலுமினியத் தட்டு, தரையில் கிறீச்சிட்டுக்கொண்டு ஒரு சாண் நகர்ந்து நின்றது. எல்லாம் மூலையைப் பார்த்துத்தான். பிள்ளைகள் ஒருவரும் அசையவில்லை. கை தட்டி முடிகிற வரை அசையக் கூடாதென்று பழக்கியது அவள்தானே.

அந்த நேரத்திலாவது அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைத்தது, ஆனால் வீம்பு விடவில்லை. அதிகாரி முன்னால் அத்தனை பேரும் பேயென்று நினைத்துவிடுவார்களே என்பதுதான் அப்போதும் அவள் கவலை. நேராக மூலைக்கு நடந்தாள். தரை காலுக்கடியில் நெல் மூட்டை மாதிரி அமுங்கியது. “இங்க பாருங்க, ஒண்ணும் இல்ல!” என்று சொல்லி வலது காலைத் தூக்கி ஓங்கி மிதித்தாள்.

தரை திறந்துகொண்டது. சத்தம்கூட அவ்வளவாக இல்லை. இடுப்பு வரை உள்ளே போனவள் ஜன்னல் கம்பி ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். கீழே ஒன்றுமே இல்லை, குளிர்ந்த காற்று மட்டும் புடவைக்குள் ஏறியது. ஒரு செருப்பு கழன்று விழுந்து, கொஞ்சம் கழித்துச் சத்தம் கேட்டது. அப்போதுதான் எதுவோ அவள் கணுக்காலைப் பற்றியது. சின்னதாக, ஈரமாக, ஆனால் விடாமல். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் வாய்விட்டு, “ஐயோ, என்ன உட்டுடு” என்று கத்தினாள். யாரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

அதிகாரி வெளியே ஓடிவிட்டார், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. முனியம்மாள்தான் அடுப்படியிலிருந்து ஓடி வந்து தரையில் குப்புற விழுந்து, ஒரு கையால் டீச்சரின் தோளையும் மறு கையால் பின்னலையும் பிடித்தாள். வேங்கடேசன் ஆயாவின் காலைப் பிடித்து இழுத்தார். “எழுந்திரிச்சி ஓடாதீங்கடா, தவழ்ந்து போங்க! சுவத்தோரமா போங்க!” என்று கதவோரத்திலிருந்து பொன்னி கத்த, பிள்ளைகள் தவழ்ந்தே வெளியே போனார்கள். டீச்சரை மேலே இழுத்துப் போட்ட கையோடு, மூலைச் சுவரும் ஐந்து பேர் உட்காருகிற இடம் முழுதும் சேர்ந்து உள்ளே இறங்கின.

பனங்கட்டைகள் என்றைக்கோ மக்கிப்போயிருந்தன என்று பிறகு வந்து பார்த்த ஓவர்சீயர் சொன்னார். காலைப் பற்றியது வேராக இருக்கும் என்றும் சொன்னார். டீச்சரும் அப்படித்தான் எல்லோரிடமும் சொன்னாள். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தைச் சுற்றிக் கூப்பிடு தூரத்துக்கு ஒரு மரமும் கிடையாது. கணுக்காலில் நீலம் பாரித்திருந்த தடத்தை ஆஸ்பத்திரி நர்ஸிடம்கூட அவள் காட்டவில்லை, புடவையை இழுத்து மூடிக்கொண்டாள்.

கால் எலும்பு முறிந்து, விழுப்புரத்தில் ஒன்றரை மாதம் படுக்கை. கட்டிலில் கிடந்தபடி ஒன்றையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பொன்னி தன் பேச்சைக் கேட்டு உட்கார்ந்திருந்தால்? அந்த ஐந்து முகமும் வரிசையாக வரும். தூக்கம் வராது.

பொங்கல் கழிந்து ஊன்றுகோலோடு வேலைக்கு வந்தாள். பள்ளிக்கூடம் மாரியம்மன் கோயில் கொட்டகையில் நடந்தது. காலனிப் பிள்ளைகள் ஐவரையும் காணோம். விசாரித்ததில் தெரிந்தது, ஊரில் பழியைப் பொன்னி மேல் போட்டிருந்தார்கள். தரையில் காது வைத்துப் பேசிப் பேசிக் குப்பம்மாளை எழுப்பி விட்டவள் அவள்தானாம். அவள் கொட்டகைக்கு வந்தால் எங்கள் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று நாலு பேர் சொல்லியிருந்தார்கள். பொன்னி களையெடுக்கப் போய்க்கொண்டிருந்தாள், அவளில்லாமல் மற்ற நாலு பேரும் வரவில்லை.

டீச்சர் அன்றே காலனிக்குப் போனாள். மூன்றரை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. சின்னபொண்ணு வாசலில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஓடி ஒரு ஸ்டூலை எடுத்து வந்து போட்டாள். பொன்னி நிலைப்படியில் நின்றாள்.

“பொன்னி சொன்னதுதான் சரி. நான்தான் தப்பு. சரியா எண்ணுன புள்ளைய அடிச்சேன்” என்றாள் டீச்சர். “ஊர்ல யார் கேட்டாலும் அப்படியேதான் சொல்வேன். பெரியதம்பிகிட்டயும் சொல்லிட்டுத்தான் வர்றேன். புள்ளைய அனுப்புங்க.”

சின்னபொண்ணு முறத்தைக் கீழே வைத்தாள்.

“அது இருக்கட்டும் டீச்சர். ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதீங்க. அத்தினி புள்ளைங்க இருக்கும்போது அந்த மூலையில எங்க புள்ளைங்கள மட்டும் இன்னாத்துக்கு உக்கார வெச்சீங்க?”

அந்தக் கேள்விக்கு அவளிடம் அழகான பதில்கள் நிறைய இருந்தன. துணிச்சல், மூடநம்பிக்கை ஒழிப்பு, எல்லாம் அதிகாரிகளிடம் பேசிப் பேசிப் பழகிய பதில்கள். நிலைப்படியில் பொன்னி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள்.

“மத்தவங்க வந்து வேணாம்னு கேட்டாங்க. நீங்க வந்து கேக்க மாட்டீங்கன்னு தெரியும். அதான்.”

சின்னபொண்ணு கோபப்பட்ட மாதிரி தெரியவில்லை.

“வந்து கேக்கலாம்னே எங்களுக்குத் தெரியாதே டீச்சர்” என்றாள்.

பிறகு எழுந்து, புடவையில் ஒட்டியிருந்த உமியைத் தட்டிவிட்டு, “பொன்னி, பையை எடு. நானும் வர்றேன். உன்ன எங்க உக்கார வெக்கிறாங்கன்னு பாத்துட்டுத்தான் கொல்லைக்குப் போவேன்” என்றாள். மற்ற நாலு வீட்டுக்கும் குரல் கொடுத்துக்கொண்டே முன்னால் நடந்தாள். டீச்சர் கோலை ஊன்றிக்கொண்டு அவள் பின்னால் போனாள்.